இரட்டைச் சாவி

சென்ற மார்கழியில் ஒரு மாலை. திருவரங்கம் பெரிய கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே உள்ள மணல்வெளியில் நானும் என் நண்பரும் வழக்கம்போல் அமர்ந்திருந்தோம். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பல ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை. அன்று மட்டும் அவர் வெகுநேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சார், உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். என் மகன் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறானாம்."

அவருடைய மகனை நான் அறிவேன். சென்னையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர். பிறர் உயிரைக் கையில் ஏந்தி இரவு பகலாக நிற்பவர்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்கே இப்படியா? நாள் தவறாமல் சஹஸ்ரநாமம் ஒலிக்கிற வீடு சார் எங்கள் வீடு. எங்கே குறை வைத்தோம் என்று தெரியவில்லை. தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

"எல்லாம் சரியாகிவிடும், பெருமாள் இருக்கிறார்" என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

ரங்கா கோபுரத்தைத் தாண்டிய பிறகுதான் நெஞ்சில் ஏதோ குத்தியது. நான் சொன்னது பொய்யன்று. ஆனால், சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அத்தகைய ஒரு மருத்துவர் முன் அமர்ந்தவன். என் மனைவியைத் தவிர வேறு எவருக்கும் இது தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. "நானும் போனேன் ஐயா" என்ற மூன்று சொற்களைச் சொல்லியிருந்தால் என் நண்பர் அன்றிரவு உறங்கியிருப்பார். சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டில் நான் ஒரு வங்கியில், காவிரி டெல்டாவின் சிற்றூர்க் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை ஆண்டே இருந்தது. கிளையின் மாடியிலேயே குடியிருப்பு. வங்கியின் பாதுகாப்புப் பெட்டக அறையைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதன் கதவுக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று மேலாளரிடம், மற்றொன்று தலைமைக் காசாளரிடம். இருவரும் சேர்ந்து நின்று, இரண்டு சாவிகளையும் இட்டால்தான் கதவு திறக்கும். ஒருவர் தனியாக எவ்வளவு முயன்றாலும் திறக்காது. இருவர் பொறுப்பில் இருப்பதே பணத்துக்குக் காவல்.

அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரு நாள் வங்கிகள் மூடப்பட்டு, 10-ஆம் தேதி திறந்தபோது, வாசலில் நின்ற வரிசை தெருக்கோடியில் திரும்பி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. நோட்டு மாற்றும் வரம்பு முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, அடுத்த சில நாட்களில் 2,000, 24-ஆம் தேதியோடு அதுவும் நின்றது. கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய் எடுக்கலாம் என்றது விதி. ஆனால், எங்களுக்கு வந்து சேர்ந்த புதிய நோட்டுகள் அதற்கும் போதவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துவிட்டது. நாற்று காய்ந்த வயலிலிருந்து நேரே வரிசைக்கு வந்து நின்ற விவசாயியின் முகத்தைப் பார்த்து "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்வதே என் வேலையாயிற்று.

அவர்களுள் ஒருவரை மறக்கவே இயலாது. மகள் திருமணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு என் மேசைமேல் வைத்தார். திருமணச் செலவுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இரண்டரை லட்சம் வரை தரலாம் என்று உத்தரவு வந்திருந்தது. அவருடைய கணக்கில் பணம் இருந்தது. சட்டத்தில் இடம் இருந்தது. பெட்டியில்தான் பணம் இல்லை. வெளியே நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். 24,000 ரூபாயைக் கொடுத்து அனுப்பினேன். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் என்னைச் சுட்டது.

கூட்டம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு நோய் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். சாவி அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பேன். படுப்பேன். மறுபடியும் எழுந்து பார்ப்பேன். கீழே இறங்கிக் கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஓர் இரவில் ஏழு முறை எழுந்ததை என் மனைவி எண்ணியிருக்கிறார். பகலில் காரணமின்றி மார்பு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். கையொப்பமிடும்போது விரல் நடுங்கியது. ஒரு நாள், "கையொப்பம் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை" என்ற குறிப்போடு நான் அனுப்பிய காகிதம் ஒன்று திரும்பி வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய கையொப்பத்தைச் சரிபார்த்தவன் நான். என் கையொப்பமே என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. நாளைய பொழுது விடியாமலிருந்தால் நன்று என்ற எண்ணமும் சில இரவுகளில் வந்தது. அதை அப்போது மனைவியிடமும் சொல்லவில்லை.

இருதய மருத்துவரிடம் சென்றேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார். "இருதயம் நன்றாக இருக்கிறது. நீங்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது" என்றார். எனக்குச் சினம் வந்தது. கோடிக்கணக்கான பணத்துக்குப் பொறுப்பானவன், பதினேழு பேரை வேலை வாங்குகிறவன், எனக்கா மனநோய்? அதிகாரிகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. வேறு மருத்துவம் தேடாமல் பரிகாரங்களில் இறங்கினேன். சனிக்கிழமை விரதம் இருந்தேன், நவக்கிரகம் சுற்றினேன். கீதையை நாளும் ஓர் அத்தியாயம் பாராயணம் செய்வது பழைய வழக்கம், அதை இரண்டாக்கினேன். இவை எவையும் வீண் என்று சொல்ல மாட்டேன். சந்நிதியில் நின்ற நேரம் மட்டும் நெஞ்சு சற்றே அடங்கியது. வெளியே வந்தால் மறுபடியும் படபடப்பு.

2017 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என்னைக் குணசீலத்துக்கு அழைத்துச் சென்றார். திருச்சியிலிருந்து சேலம் செல்லும் சாலையில், காவிரிக் கரையில் உள்ள திருத்தலம். கையில் செங்கோலோடு பிரசன்ன வேங்கடாசலபதியாகப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், இங்கே தங்கி வழிபடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நானும் வரிசையில் நின்றேன். குளிர்ந்த தீர்த்தம் முகத்தில் பட்டபோது, பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது, கோயிலைச் சார்ந்தே மனநல மறுவாழ்வு மையம் ஒன்று இருப்பதை என் மனைவி காட்டினார். "பார்த்தீர்களா? பெருமாள் தம் வாசலிலேயே வைத்தியத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு மட்டும் எதற்கு இந்த வீம்பு?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவர் அரைமணி நேரம் கேட்டார். விடியாமலிருந்தால் நன்று என்று எப்போதாவது தோன்றியதா என்று நேராகவே கேட்டார். "ஆம்" என்றேன். அருகில் இருந்த என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டார். மறைத்து வைத்த அந்த ஒரு சொல்லைச் சொன்னதிலேயே பாதி பாரம் இறங்கியது. மாத்திரை ஒன்றைத் தொடங்கினார். அதோடு, வாரம் ஒரு முறை உளவியல் நிபுணர் ஒருவரிடம் பேசவும் ஏற்பாடு செய்தார். மாத்திரையை உள்ளூரில் வாங்கக் கூச்சப்பட்டுத் தஞ்சாவூர் சென்று வாங்கினேன். அட்டையைப் பூஜை அறையில் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

உளவியல் நிபுணராக வந்து அமர்ந்த பெண் என் மகளைவிட இளையவர். இந்தக் குழந்தை எனக்கு என்ன சொல்லப்போகிறது என்று எண்ணினேன். அவர் எதுவுமே சொல்லவில்லை. முதல் இரண்டு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்வது வெளியே போகாது என்று மட்டும் உறுதி கூறினார். வாடிக்கையாளர் கணக்கின் இரகசியத்தைக் காத்தே தலை நரைத்தவன் நான். அந்த உறுதியின் மதிப்பு எனக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். மனம் பதறும்போதெல்லாம், என்ன நடந்தது, மனம் என்ன சொல்லிற்று, அந்தச் சொல்லுக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று பத்தி பிரித்து எழுதச் சொன்னார். எழுத எழுத எனக்குச் சிரிப்பு வந்தது. இது பற்று வரவுப் பேரேடு அல்லவா! சான்றுச் சீட்டு இல்லாமல் ஒரு ரூபாய் செலவையும் ஏற்காத நான், "நீ தோற்றவன்" என்று மனம் சொன்னதை எந்தச் சான்றும் கேட்காமல் பற்றில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

திருமண வீட்டாரைப் பற்றிச் சொன்னபோது, அவர் ஒரு வட்டம் வரைந்தார். "அந்த மனிதருக்குப் பணம் கிடைக்காமல் போனதில் உங்கள் பொறுப்பு எவ்வளவு, சார்?" என்று கேட்டார். "முழுவதும்" என்றேன். "மற்றவர்களுக்கு உரியதை முதலில் பிரியுங்கள், உங்களுடையதைக் கடைசியில் பார்ப்போம்" என்றார். அறிவிப்பு வந்த வேகம், நோட்டு அச்சாகி வரும் காலம், எங்கள் கிளைக்கு ஒதுக்கப்பட்ட தொகை, அன்று வரிசையில் நின்ற மற்றவர்களின் தேவை என்று வட்டத்தைக் கூறு போட்டேன். இறுதியில் எனக்கென்று மிஞ்சியது ஒரு மெல்லிய கீற்று.

பிறகு அவர் கேட்டார்: "அந்தத் திருமணம் என்ன ஆயிற்று?"

அப்போதுதான் நினைவு வந்தது. திருமணம் நன்றாகவே நடந்தது. மண்டபத்தாரும் மளிகைக் கடைக்காரரும் காசோலை வாங்கிக்கொண்டார்களாம். டிசம்பர் முதல் வாரத்தில் அவரே வங்கிக்கு வந்து, தாம்பூலப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பற்றில் அவர் கண்கலங்கிய நாளை நூறு முறை எழுதியவன், வரவில் அந்தத் தாம்பூலப் பையை ஒரு முறையும் எழுதவில்லை.

பூட்டு விஷயத்திலும் ஒரு பயிற்சி உண்டு. இரவில் ஒரே முறை பார்க்க வேண்டும். மறுபடி பார்க்கத் தோன்றினால், பார்க்காமல் அந்தப் பதற்றத்தோடேயே அமர்ந்திருக்க வேண்டும். அது தானே ஏறி, தானே இறங்கும் என்றார். முதல் இரவு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் இறங்கியது. நாலாம் இரவு கால் மணி நேரம். அந்த மாத இறுதியில் உறங்கிப்போனேன். மொத்தம் பதினான்கு வாரம் சென்றேன். மாத்திரையை எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன்; மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஓய்வு பெறும் நாள்வரை பணியில் இருந்தேன். கடைசிக் கையொப்பம் பழைய கையொப்பமாகவே அமைந்தது.

அந்த நாட்களில் கீதை பாராயணத்தை நிறுத்தவில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் படித்தும் காணாத ஒன்றை அப்போதுதான் கண்டேன். முதல் அத்தியாயத்தை முகவுரை என்று எண்ணி விரைவாகக் கடந்துவிடுவது என் வழக்கம். அதற்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது என்று தன் நிலையை அர்ஜுனன் வரிசையாகச் சொல்கிறான். நான் மருத்துவரிடம் சொன்னதும் இதுதானே! நடுங்கியவன் கோழையல்லன், ஒரு சேனையே நம்பியிருந்த வில்லாளி. பொறுப்பு மிகுந்தவனுக்குத்தான் அந்த நடுக்கம் வந்தது.

கண்ணன் என்ன செய்கிறான்? படைகளைப் பார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். அதன்பின் முதல் அத்தியாயம் முடியும் வரை வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், இந்தத் தளர்ச்சி உனக்குத் தகாது, எழுந்திரு என்று அதட்டிப் பார்க்கிறான். அதற்குப் பிறகும் அர்ஜுனன் எழவில்லை. எனக்கு வழி தெரியவில்லை, உன் சீடன் நான், சொல்லிக்கொடு என்று சரணடைகிறான். போர் செய்யேன் என்று சொல்லி மௌனமாகிறான். அதன் பிறகே, புன்முறுவலோடு, கண்ணனின் உபதேசம் தொடங்குகிறது. அதட்டலால் மட்டும் ஒருவன் எழமாட்டான் என்பதைப் பகவானே நமக்குக் காட்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில், எல்லாவற்றையும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டுவிடுகிறான். என் முன் அமர்ந்திருந்த அந்த இளம்பெண்ணும் எனக்காக எதையும் முடிவு செய்யவில்லை.

இதைப் படிக்கும் பெரியோர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். மருத்துவர், காவல் அதிகாரி, விமானி, நூறு பேருக்கு மேலாளர். அவர்களிடம் எல்லாரும் தீர்வு கேட்கிறார்கள். அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? வேலையால் மனம் வற்றிப்போகும் இந்நிலையை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் பணி சார்ந்த நிலையாகத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் இரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பிள்ளை தொலைபேசியில் "தூக்கமே வரவில்லை, அப்பா" என்றால், "சாமியைக் கும்பிடு, சரியாகிவிடும்" என்று சொல்லி உடனே வைத்துவிடாதீர்கள். முதலில் கேளுங்கள். கும்பிடவும் சொல்லுங்கள், மருத்துவரைப் பார்க்கவும் சொல்லுங்கள்.

மறுநாள் மாலை அதே மணல்வெளியில் என் நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாங்கத்துக்குள் ஒளித்த மாத்திரை வரை சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பிரார்த்தனை மட்டும் போதாது என்கிறீர்களா, சார்?" என்றார்.

பெட்டக அறையின் இரண்டு சாவிகளைப் பற்றிச் சொன்னேன். "ஒரு சாவி பெருமாளிடம் இருக்கிறது. மற்றொன்றை அவரே மருத்துவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் கதவை இடித்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

நண்பர் அன்றிரவே மகனோடு பேசியிருக்கிறார். "வாரம் தவறாமல் போய் வா அப்பா. நான் இங்கே சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லையாம். பிறகு மகன், "நீங்கள் சாப்பிட்டீர்களா, அப்பா?" என்று கேட்டாராம். மூன்று மாதங்களாக அந்தப் பிள்ளை கேட்காத கேள்வி அது என்று சொல்லும்போது என் நண்பரின் குரல் தழுதழுத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நானும் என் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒன்பது ஆண்டுகள் சொல்லாததைச் சொன்னேன். பொறுப்புகளைச் சுமந்து களைத்திருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் உறக்கத்தையும் தெளிவையும் அரங்கன் அருள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.